ஆட்சேபணையற்ற நிலம்

ஆகஸ்டு 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடி ஏறுகிறது. செப்டம்பர் 8-ஆம் நாள் ஆரோக்கிய அன்னையின் பிறப்புப் பெருவிழா. இடைப்பட்ட நாள்களில் காவியுடை தரித்து நெடுந்தொலைவு நடந்து வருவோரும், முடி காணிக்கை செலுத்துவோரும், மெழுகுவர்த்தியும் தென்னங்கன்றும் ஏந்தி வருவோருமாக இலட்சக்கணக்கான மக்கள் அந்தக் கடலோரச் சிற்றூரை நிறைத்துவிடுகின்றனர். அக்கூட்டத்தினூடே, கடற்கரைக்குச் செல்லும் வழியில், சாக்குத் துணியை விரித்து ஊசிமணியும் பாசிமணியும் பரப்பி அமர்ந்திருக்கும் நரிக்குறவர் குடும்பங்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். பேரம் பேசியிருக்கிறோம். ஐந்து ரூபாய் குறைத்து வாங்கிவிட்ட மகிழ்ச்சியோடு ஊர் திரும்பியிருக்கிறோம்.

கொடி இறங்கிய மறுநாள் அவர்கள் எங்கே போகிறார்கள் என்று மட்டும் நாம் கேட்டதில்லை.

அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதை அரசு எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு பரிந்துரைத்தது 1965-இல். நரிக்குறவர் நலவாரியம் அமைந்தது 2008-இல். நரிக்குறவர், குருவிக்காரர் ஆகியோரைத் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். பரிந்துரைக்கும் சட்டத்திற்கும் இடையே ஐம்பத்தேழு ஆண்டுகள். பரிந்துரை வந்த ஆண்டில் பிறந்த குழந்தை பேரன் பேத்தி கண்ட பின்னரே சட்டத்தைக் கண்டது. போகட்டும்; காகிதத்தில் இடம் கிடைத்துவிட்டது. மண்ணில் இடம் கிடைப்பது எப்படி? அதைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம்.

வீட்டுமனை கோரி ஒரு நரிக்குறவர் குடும்பம் மனு கொடுத்தால் நடப்பது இது. மனு வட்டாட்சியரிடம் போகிறது. கிராம நிர்வாக அலுவலர் புலப்படத்தையும் பதிவேடுகளையும் பார்த்து, எங்கே புறம்போக்கு உண்டு என்று குறிக்கிறார். வருவாய் ஆய்வாளரும் நில அளவரும் பார்வையிடுகின்றனர். அந்த நிலத்தை ஒப்படைப்பதில் எவருக்கேனும் ஆட்சேபணை உண்டா என்று ஊரில் விளம்பரம் செய்யப்படுகிறது. உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானமும் கேட்கப்படுகிறது. வருவாய்த் துறையின் மொழியில் புறம்போக்கு இருவகைப்படும்: ஆட்சேபணைக்குரியது, ஆட்சேபணையற்றது. குளம், வாய்க்கால், சாலை போன்ற பொதுப் பயன்பாட்டிற்கு உரியவை முதல் வகை; அவ்வாறு தேவைப்படாதவை இரண்டாம் வகை. இது நிலத்தின் தன்மையைக் குறித்த பாகுபாடு. நியாயமான பாகுபாடும் கூட.

ஆனால் நடைமுறையில் அச்சொல்லின் பொருள் மாறிவிடுகிறது. அருகில் குடியிருப்போர் எவரும் முணுமுணுக்காத நிலமே ஆட்சேபணையற்ற நிலம் என்றாகிறது. அத்தகைய நிலம் எங்கே இருக்கும்? சுடுகாட்டிற்கு அப்பால் இருக்கும். குப்பைமேட்டின் ஓரத்தில் இருக்கும். மழைக்காலத்தில் முழங்கால் அளவு நீர் நிற்கும் பள்ளத்தில் இருக்கும். பேருந்து நில்லாத, விளக்குக் கம்பம் எட்டாத மூலையில் இருக்கும். எவரும் விரும்பாத நிலத்தைத் தேடிப்பிடித்து, எவரும் விரும்பாத மக்களுக்கு அளித்துவிட்டு, அதற்கு நலத்திட்டம் என்று பெயர் சூட்டுகிறோம்.

மிகைப்படுத்துகிறோம் என்று எண்ண வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் டெல்டாவின் ஓர் ஊரில் நாமே கண்டது இது. ஊர்ப் பெயர் வேண்டாம். பேருந்து நிலையத்தை ஒட்டிய திண்ணைகளில் தலைமுறையாகத் தங்கியிருந்த சில குடும்பங்களுக்கு ஊருக்குள்ளேயே ஒரு துண்டு நிலம் குறிக்கப்பட்டது. ஒரே வாரத்தில் எதிர்ப்பு மனு தயாராயிற்று. ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் வெளியே வருகையில் அதே மனு கோவில் வாயிலிலும் கைமாறியது. கையொப்பமிட்டோரில் நம்மவர் பலர். அன்பியக் கூட்டத்தில் ஏழைகள் சார்பு நிலை பற்றி உருக்கமாகப் பேசியவரும் அவர்களுள் ஒருவர். இறுதியில் ஊரைவிட்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, எரிமேட்டைத் தாண்டி மனை அளக்கப்பட்டது. குடும்பங்கள் போயின, ஒரு மழைக்காலம் இருந்தன. மணி விற்க ஊருக்குள் வர நடை, தண்ணீருக்கு நடை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வர நடை. தை பிறக்குமுன் அவர்கள் பழைய திண்ணைக்கே திரும்பிவிட்டனர். அப்போது ஊரார் சொன்னது நம் செவியில் இன்னும் ஒலிக்கிறது: "பார்த்தீர்களா, வீடு கொடுத்தாலும் இவர்கள் தங்கமாட்டார்கள்."

தங்க முடியாத இடத்தைக் கொடுத்துவிட்டுத் தங்கவில்லை என்று பழி சொல்வது என்ன நியாயம்?

தஞ்சைத் தரணியின் நிலக் கதையை அறிந்தோர்க்கு இது புதிதன்று. காவிரி பாயும் இம்மண்ணில் ஒவ்வொரு குழியும் எவருடைய பெயரிலோ எழுதப்பட்டிருக்கிறது: மிராசுதார் பெயரில், கோவில் பெயரில், மடத்தின் பெயரில். எஞ்சியவை ஆற்றுப் படுகையும் வாய்க்கால் கரையும் குளத்தங்கரையும். உழுது நட்டவனுக்கே தன் குடிசை நின்ற மண் சொந்தமில்லாத காலம் இங்கு நெடுங்காலம் நீடித்தது. வேளாங்கண்ணியிலிருந்து வெகுதொலைவில் இல்லாத கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் எரிக்கப்பட்டதை நாம் மறந்துவிடக் கூடாது. கிறிஸ்து பிறப்பு விழாவின் இரவு அது. பின்னர், 1971-ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம், பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளருக்கு அந்த மனையை உரிமையாக்கியது. பெரிய சட்டம், நல்ல சட்டம். ஆயினும் அது குடியிருந்தவனுக்கே உரிமை தந்தது. ஓரிடத்தில் குடியிருக்க விடாமல் விரட்டப்பட்டவன் எந்த மனையைக் காட்டி உரிமை கேட்பான்? ஆற்றுப் படுகையில் கூடாரம் அடித்தவனுக்கு நீர்நிலைப் புறம்போக்கு என்ற தடை. அது தேவையான தடைதான். நகரத்தை ஒட்டிய நிலம் என்றால் பெல்ட் பகுதி என்ற தடை. இத்தனை தடைகளுக்கும் வெளியே மிஞ்சுவது எரிமேடு.

நம்மவர் எழுப்பும் ஆட்சேபணைகளையும் நேர்மையோடு ஆராய்வோம்.

'அவர்கள் நாடோடிகள், அவர்களுக்கு நிலையான இடம் எதற்கு?' என்பது முதலாவது. வடக்கிலிருந்து வந்த இம்மக்களின் வாக்ரிபோலி குஜராத்தி போன்ற மொழிகளோடு உறவுடையது. வேட்டையே அவர்களது தொழிலாக இருந்தது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அத்தொழிலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. விலங்கைக் காத்தது சரியே. வேடனுக்கு மாற்று என்ன என்று மட்டும் எவரும் எண்ணவில்லை. மணி கோத்து விற்பதே வாழ்வாகிவிட்டது. திருவிழாவிற்குத் திருவிழா அலைவது அவர்களது விருப்பத்தைவிடப் பிழைப்பின் கட்டாயம். வளைகுடா நாட்டில் வேலை செய்யும் நம் பிள்ளைகளும் ஆண்டுக்கொரு முறைதான் ஊர் வருகின்றனர். அதனால் அவர்களுக்கு ஊரில் வீடு வேண்டாம் என்று எவரேனும் சொல்வதுண்டா?

'அவர்கள் தூய்மையற்றவர்கள்' என்பது இரண்டாவது. குழாயும் கழிப்பறையும் இல்லாத திண்ணையில் நம்மில் எவர் தூய்மையாக வாழ்ந்துவிட முடியும்? நீரை மறுத்துவிட்டு அழுக்கைக் காட்டுவது பழைய தந்திரம். தீண்டாமை முழுதும் அத்தந்திரத்தின் மேல் எழுந்ததே.

'திருட்டு பெருகும்' என்பது மூன்றாவது. மிகக் கொடியதும் அதுவே. இதை நம் வாயில் வைத்தது 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம். பிறப்பினாலேயே ஒருவனைக் குற்றவாளி என்று பதிவு செய்த அச்சட்டம், அலையும் மக்கள் பலரைச் சந்தேகத்தின் நிழலில் நிறுத்தியது. அச்சட்டத்தின் கீழ் அமைந்த குடியேற்றங்கள்தாம் நம் நாட்டில் அலையும் மக்களுக்காக அரசு குறித்த முதல் இடங்கள். காவலர் கணக்கெடுக்க வசதியான இடங்கள். சிலவற்றை நடத்தும் பொறுப்பை அக்காலக் கிறிஸ்தவ அமைப்புகளும் ஏற்றன. ஆந்திரத்தின் ஸ்டூவர்ட்புரம் இரட்சணிய சேனையின் பொறுப்பில் இருந்தது. நாடு முழுதும் அச்சட்டம் ஒழிந்தது 1952-இல். ஏட்டிலிருந்து ஒழிந்தது, நம் நெஞ்சிலிருந்து ஒழிந்ததா என்பதை அந்த எதிர்ப்பு மனுக்களைப் படித்தால் அறியலாம்.

'நிலத்தின் மதிப்பு குறையும்' என்பது நான்காவது. இதற்கு விடை சொல்வது எளிது. மனிதனுக்கு இடமளிப்பதால் விலை குறையும் நிலம் குறையட்டும்.

இவற்றைவிட நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டிய ஓர் அனுபவம் நாகைக் கடற்கரையிலேயே உண்டு. 2004 டிசம்பர் 26 காலை வந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோரை விழுங்கிற்று. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றிருந்த திருப்பயணிகளும் அவர்களுள் உண்டு. மீனவருக்குப் புதிய குடியிருப்புகள் எங்கே அமைவது என்ற கேள்வி அதன்பின் எழுந்தது. கடலைவிட்டு வெகுதொலைவு போகமாட்டோம் என்று மீனவர் சொன்னார்கள். படகும் வலையும் கண்ணில் படும் தொலைவில் வீடு வேண்டும் என்றார்கள். நாம் அதை ஏற்றோம். தொழில் எங்கோ அங்கேதான் வீடு என்று நமது மறைமாவட்ட மேடைகளிலும் முழங்கினோம். அதே நியாயம் மணி விற்பவருக்கு மட்டும் ஏன் இல்லை? மீனவருக்குக் கடல் எப்படியோ அப்படியே அவர்களுக்குத் திருவிழாக் கூட்டம். கூட்டத்திலிருந்து பிரித்துக் குடியமர்த்துவது வலைஞனை மலையில் குடியமர்த்துவதற்கு ஒப்பாகும்.

அப்பேரிடரின் நிவாரணக் கணக்கிலும் அலையும் மக்களுக்கு இடம் இருக்கவில்லை. முகவரி இல்லாதவரின் இழப்பு இழப்பாகக் கருதப்படவில்லை. பூம்பூம் மாட்டுக்காரர், நரிக்குறவர் ஆகியோரின் பிள்ளைகளுக்கென நாகப்பட்டினம் அருகே வானவில் பள்ளி தோன்றியது அந்தப் புறக்கணிப்பைக் கண்ட சிலரது மனச்சான்றினால்தான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அன்று. பிரிட்டனில் ஜிப்சிகளுக்கும் பிற அலையும் மக்களுக்கும் அவர்களது வண்டிவீடுகளை நிறுத்தித் தங்க இடம் அமைத்துத் தரும் கடமையை 1968-ஆம் ஆண்டின் சட்டம் உள்ளாட்சி மன்றங்களின்மேல் சுமத்தியது. எங்கே அமைத்தார்கள்? நெடுஞ்சாலைப் பாலங்களின் அடியிலும், இரயில் பாதையோரத்திலும், கழிவுநீர் நிலையங்களின் பக்கத்திலும் பல இடங்கள் அமைந்தன. அக்கம்பக்கத்தார் எதிர்க்காத மூலைகள் அவைதாம். 1994-இல் அக்கடமையையும் நீக்கிவிட்டார்கள். செல்வம் மிக்க நாடும் வறிய நாடும் இவ்விஷயத்தில் ஒரே பாடத்தைப் படித்திருக்கின்றன: இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அயலாரின் வெறுப்பிடம் ஒப்படைக்கப்பட்டால், இடம் என்றும் சாக்கடை ஓரத்திலேயே அமையும்.

ஐரோப்பிய ஜிப்சிகளின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்பதை அவர்களது மொழியே காட்டுகிறது. அந்த மக்களைத் தேடி உரோமை நகருக்கு அருகே பொமேசியாவில் அவர்கள் கூடியிருந்த முகாமிற்குத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1965 செப்டம்பர் 26 அன்று சென்றார். அவர்களுள் ஒருவரான செபெரினோ ஹிமெனெஸ் மாயாவைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1997-இல் அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். 2019 ஜூனில் ருமேனியாவின் பிலாஜ் நகரில் திருத்தந்தை பிரான்சிஸ் அம்மக்களிடம் திருச்சபையின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். திருத்தந்தையர் முகாமுக்குச் செல்கின்றனர். நாமோ முகாம் நம் தெருவுக்கு வந்துவிடாதபடி மனு எழுதுகிறோம்.

நல்ல வழி இல்லாமற் போகவில்லை. திருச்சி–தஞ்சை நெடுஞ்சாலையை ஒட்டி, துவாக்குடிக்கு அருகே தேவராயநேரி இருக்கிறது. நரிக்குறவர் பெருமளவில் நிலைபெற்றிருக்கும் ஊர் அது. பெற்றோர் விழாக்களுக்குப் போய்வர, பிள்ளைகள் தங்கிப் படிக்க உறைவிடப் பள்ளியும் அங்கு உண்டு. நெடுஞ்சாலை அருகிலிருப்பதால் எத்திசைக்கும் பேருந்து ஏறலாம். திரும்பி வந்து சேரலாம். போகவும் வரவும் இயலும் இடமே நாடோடிக்கு ஏற்ற வீடு.

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியையும் எண்ணிப் பார்க்கலாம். கோவில் அன்னதானப் பந்தியிலிருந்து எழுப்பப்பட்ட நரிக்குறவப் பெண் ஒருவரின் குமுறல் 2021-இல் நாடெங்கும் கேட்டது. அமைச்சர் அவரோடு அமர்ந்து உணவருந்தினார். அவ்வாண்டு நவம்பர் 4-ஆம் நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கே சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் வழங்கினார். அங்கே புதிய இடம் தேடி எவரும் அலையவில்லை. மணி விற்கச் சுற்றுலாக் கூட்டம் அருகிருந்ததால் அம்மக்கள் தாமே தேர்ந்து வாழ்ந்துவந்த பகுதியே சட்டத்தின் கண்ணில் ஊராயிற்று. இடத் தேர்வின் முதல் விதி இதுவாக இருக்க வேண்டும்: அவர்கள் ஏற்கெனவே எங்கே வாழ்கிறார்கள் என்று பாருங்கள், அங்கே ஏன் வாழ்கிறார்கள் என்று கேளுங்கள். ஆனால் ஒரு பெண் அவமானப்பட்டு, அது ஊரறிந்த பின்னரே பட்டா வரும் என்றால், அவமானப்பட்டும் எவர் செவியிலும் விழாதோரின் கதி என்ன?

ஆகவே நாம் வேண்டுவன சில.

முதலாவதாக, நிலத்தைக் குறிக்குமுன் அம்மக்களிடம் கேட்க வேண்டும். அவர்களுக்குள் ஆட்டைப் பலியிடுவோர், எருமையைப் பலியிடுவோர் என்ற பெரும் பிரிவுகள் உண்டு. யார் யாரோடு அருகருகே வாழ்வர் என்பதை அவர்களே அறிவர். மன்ற மேசையில் வரைபடத்தை விரித்துக் கோடு போடுவோர் அறியார்.

இரண்டாவதாக, நீரும் பேருந்தும் பள்ளியும் நடந்து எட்டும் தொலைவில் இல்லாத நிலம் எவ்வளவு ஆட்சேபணையற்றதாயினும் தள்ளப்பட வேண்டும். அயலாரின் ஆட்சேபணையைக் கேட்கும் விளம்பரம் குடியேறப் போவோரின் ஆட்சேபணையையும் கேட்கட்டும்.

மூன்றாவதாக, வேளாங்கண்ணியிலும் பிற திருத்தலங்களிலும் அவர்கள் அமர்ந்து விற்கும் இடம் சட்டப்படி உறுதி செய்யப்பட வேண்டும். 2014-இன் தெருவோர வியாபாரிகள் சட்டம் வியாபாரிகளுக்கு அடையாளச் சான்று தரச் சொல்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்கச் சொல்கிறது. முப்பது நாள் முன்னறிவிப்பின்றி இடம் மாற்றக் கூடாது என்கிறது. திருவிழாக் காலத்தில் தடியால் தட்டி எழுப்புவதை எச்சட்டமும் அனுமதிக்கவில்லை.

நான்காவது வேண்டுகோள் நமக்கே உரியது. நமது பங்குகளுக்கும் துறவற சபைகளுக்கும் நிலம் உண்டு. அவற்றில் பயன்படாத நிலமும் உண்டு. ஊர் மன்றம் இடமில்லை என்று கைவிரிக்கும்போது, எங்களிடம் இருக்கிறது என்று சொல்லும் துணிவு ஒரு பங்குப் பேரவைக்கேனும் வர வேண்டும். அது இயலாவிடில், எதிர்ப்பு மனு கோவில் வாயிலுக்கு வரும்போது கையொப்பமிட மறுக்கும் துணிவேனும் வர வேண்டும். பொதுநிலையினரான நம் கையொப்பத்திற்கு இத்தனை வலிமை உண்டென்றால், அதை ஆதரவு மனுவில் இட்டுப் பார்ப்போமே.

பேராலயம் எழுந்த வரலாற்றை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நடுத்திட்டில் ஆலமர நிழலில் மோர் விற்றுக்கொண்டிருந்த முடவச் சிறுவனிடம் அன்னை வந்து மோர் கேட்டார் என்பது மரபு. அவன் கடை வைத்திருந்தவன் அல்லன்; வழிப்போக்கரை நம்பி மர நிழலில் அமர்ந்த தெருவோர வியாபாரி. அவனையே எழுந்து நடக்கச் செய்து, நாகப்பட்டினத்துச் செல்வந்தர் ஒருவரிடம் தூது அனுப்பினார் அன்னை. தூதின் பொருள்: இங்கே எனக்கு ஓர் இடம் அமைத்துத் தா. அச்செல்வந்தர் மறுக்கவில்லை, ஒரு கூரைக் கோவில் எழுந்தது. 1962-இல் பேராலயம் என்று உயர்த்தப்பட்ட திருத்தலத்தின் தொடக்கம், தெருவோரத்தில் விற்பவன் ஒருவன் நிலமுடையவனிடம் சென்று இடம் கேட்டதே.

இன்றும் அவ்வழியில் விற்போர் அமர்ந்திருக்கின்றனர். இம்முறை தமக்காக இடம் கேட்கின்றனர். நிலமுடையோர் நாமே.